பதினேழாம் பக்கம்

பாரந்தூக்கிக்கு இந்த மாதம் வேலை வந்திருக்கிறது.
பிரிட்ஜ்போர்ட்டில், என் சமையலறை மேசைமேல்
பென்சில் கோடுகளாகக் கிடக்கிறான்.
இருபது பக்கம். வியாழனுக்குள் வேண்டுமாம்.
பக்கத்துக்கு மூன்றே கால் டாலர்.

நான் எழுத்துப் போடுகிறவள்.
கதை ஒருவன், படம் ஒருவன்.
யார் வாயைத் திறந்தாலும்
சத்தம் என் பேனாவிலிருந்துதான்.

மூன்றாம் பக்கத்தில் வங்கிக் கதவைப் பிடுங்குகிறான்: மடார்.
நான்கில் அதே கதவால் போலீஸ் வண்டியை: நங்.
ஒன்பதில் தண்ணீர்த் தொட்டி. பதினொன்றில் பாலம்,
அதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது,
சடசடவென்று
கம்பி கம்பியாக எழுத வேண்டியிருந்தது.
பதினேழில் நீலச்சட்டைக்காரன் வருவான்.
ஒரே குத்து.
மூன்று சுவர்களுக்கு அப்பால் போய் விழுவான் இவன்.
பதினெட்டிலிருந்து ஆள் கிடையாது.
முத்தம், மேயரின் கைகுலுக்கல் எல்லாம்
நீலச்சட்டைக்கு.

இது நான்காவது முறை.
முந்தைய மூன்றையும் நானேதான் எழுதினேன்.
"நொறுக்கிவிடுவேன்" பதினான்கு தடவை,
"ஹா ஹா" ஒன்பது.
ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை அவன்.
திருடிய பணத்தில் என்ன வாங்கினான் என்று
யாரும் வரையவில்லை.
எங்கே தூங்குவான், கட்டில் தாங்குமா,
காலையில் முட்டையை எப்படி உடைப்பான்?
பாலத்தை முறித்த கை
ஓட்டுத்துண்டு விழாமல் ஒரு முட்டையை உடைக்க
எவ்வளவு பலம் வேண்டியிருக்கும்.

உள்ளறையில் லாயோஷ் தூங்குகிறான்,
பித்தளை ஆலையில் இரவு வேலை முடித்து.
அவனும் பலசாலிதான்.
இந்தத் தெருவில் பியானோ மாடி ஏற வேண்டுமென்றால்,
பனியில் கார் பள்ளத்தில் இறங்கிவிட்டால்,
லாயோஷைக் கூப்பிடு என்பார்கள்.
வருவான், தூக்குவான்.
பீர் கொடுப்பார்கள், நின்றபடி குடிப்பான்.
உட்காரேன் என்று சொல்ல வாயெடுப்பவர்கள்
ஒருமுறை தங்கள் நாற்காலியைப் பார்ப்பார்கள்.

போன பிப்ரவரியிலிருந்து
வலது கை காதுக்கு மேலே எழும்பவில்லை.
ஆலையில் சொல்லவில்லை. தெருவிலும் சொல்லவில்லை.
தலை வாரிவிடுவது நான்தான்,
அதையும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான்.

புதன் இரவு பதினேழாம் பக்கத்துக்கு வந்தேன்.
கதைத்தாளில் "ஆஆஆ" என்றிருந்தது.
படக்காரன் குமிழியைப் பெரிதாக விட்டிருந்தான்,
இன்னும் ஆறு 'ஆ' போடலாம்.
ஒரே ஒரு ஆ போட்டேன்.
மிச்ச இடத்தில், மற்ற எழுத்தைவிடச் சற்றுச் சிறிதாக,
"என் தோள்" என்று எழுதினேன்.
மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
சுரண்டி எடுக்க பிளேடு பக்கத்தில்தான் இருந்தது.

ப்ரூயிட் கண்ணில் படவில்லை.
குத்துக்கு எத்தனை ஆச்சரியக்குறி என்று எண்ணுவார் அவர்.
விழுகிறவன் சொல்வதைப் படிக்க
ஆசிரியர்களுக்கு ஏது நேரம்.

இதழ் வந்தது. லாயோஷ் சாப்பிட்டுக்கொண்டே புரட்டினான்.
பதினேழில் கரண்டி நின்றது.
"இந்த நீலச்சட்டை
ஒரு பக்கத்தில் இடது கையால் குத்துகிறான்,
அடுத்ததில் வலது கையால்" என்றான்.
சூப்பில் உப்பு குறைவு என்றான்.
அன்றிரவு ஒத்தடத் துணியை
அவனே எடுத்து வந்து என்னிடம் நீட்டினான்.

ஏழு மாதம் கழித்து மறுபடியும் பாரந்தூக்கி.
நெவார்க்கில் இருக்கிறாராம் படக்காரர், டொனட்டெல்லி என்று பெயர்,
நான் பார்த்ததில்லை, ஃபோனில்கூடப் பேசியதில்லை.
முதல் கட்டத்திலேயே கவனித்தேன்,
வலது தோள் ஒரு விரலளவு தாழ்ந்திருந்தது.
வங்கிக் கதவை இடது கையால்தான் பிடுங்கினான்.

பற்பசை விளம்பரம் ஒரு பக்கம் தின்றுவிட்டதால்
இந்தமுறை பதினாறிலேயே குத்து.
சுவரும் இரண்டுதான்.
இடப்பக்கமாக விழும்படி
வரைந்திருந்தார்.